பிடிச்சா விட்டுடணும்! ‘போக்கிமான் ரேஞ்சர்’ விதி திருப்பூர் குளத்துக்கு ஏன் தேவை?

போக்கிமான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சிவப்பும் வெள்ளையும் கலந்த அந்தப் பந்துதான். காட்டில் திரியும் உயிரினத்தின் மீது பந்தை வீசு, உள்ளே அடை, உன்னுடையதாக்கு, சண்டைக்கு இறக்கு. இதுதான் அந்த கேமின் அடிப்படை. ஆனால், அதே போக்கிமான் உலகத்தில் பந்தே இல்லாத ஒரு கேமும் இருக்கு. பெயர் ‘போக்கிமான் ரேஞ்சர்’. 2006-ல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிக்காக வந்தது. அதில் காட்டு உயிரினம் எதுவும் உங்களுக்குச் சொந்தமாகாது. நட்பாகலாம், உதவி கேட்கலாம். வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும்.

பழைய கேம்தான். விற்பனையிலும் பேச்சிலும் மற்ற போக்கிமான் கேம்கள் அளவுக்கு வராததுதான். ஆனாலும் அந்த ஒற்றை விதியை இப்போது எடுத்துப் பேச ஒரு காரணம் இருக்கு. பனியன் கம்பெனிகளுக்குப் பேர்போன திருப்பூரில், ஊரை ஒட்டியே உலக அங்கீகாரம் பெற்ற ஒரு பறவைக் குளம் இருக்கிறது. செல்போனில் நூறு கற்பனை உயிரினங்களின் பெயர் சொல்லும் திருப்பூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் குளத்துப் பறவைகளில் பத்தின் பெயர் தெரியும்?

அது என்ன கேம்?

விளையாடுபவர் ஒரு ரேஞ்சர். ஃபியோரே என்ற கற்பனைப் பகுதியைச் சுற்றி வந்து, காட்டுத் தீ, வழிதவறிய உயிரினம், ஊருக்குள் புகுந்த கூட்டம் என்று வரும் சிக்கல்களைத் தீர்ப்பது அவருடைய வேலை. கையில் ‘ஸ்டைலர்’ என்ற கருவி இருக்கும். ஒரு போக்கிமானைப் பார்த்தால், தொடுதிரையில் குச்சியால் அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். ஒவ்வொரு உயிரினத்துக்கும் இத்தனை வட்டம் என்று கணக்கு உண்டு. முதல் கேமில் குச்சியைத் திரையிலிருந்து எடுக்காமல் தொடர்ந்து சுற்றி முடிக்கணும். நடுவில் அது கோட்டின் மீது மோதினால் கோடு அறுந்துவிடும். அது தாக்கினால் ஸ்டைலரின் சக்தி குறையும். சக்தி தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது.

கேமின் கதைப்படி, அந்த வட்டம் வலை கிடையாது. ரேஞ்சரின் நல்லெண்ணத்தை அந்த உயிரினத்துக்குக் கொண்டுசேர்க்கும் வழி. அது நம்ப ஆரம்பித்ததும் கூடவே வரும். தீயை அணைக்க, பாறையை உடைக்க, மரத்தை வெட்டி வழி உண்டாக்க என்று ஒரு வேலையில் உதவும். உதவி முடிந்த அந்த நிமிடமே விடைபெற்றுப் போய்விடும். கடைசிவரை கூட இருப்பது பிளஸில் அல்லது மைனன் என்ற ஒரே ஒரு தோழன் மட்டும். சந்தித்த உயிரினங்களைப் பற்றிய குறிப்பு கருவியில் பதிவாகும். உயிரினம் காட்டிலேயே இருக்கும்.

இதன் அடுத்த பாகங்கள் 2008-லும் 2010-லும் ஜப்பானில் வெளியாயின. மூன்றிலும் விதி மாறவில்லை.

வில்லன்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். முதல் கேமில் வரும் கும்பல், ஸ்டைலரின் இன்னும் வலுவான வடிவத்தைத் திருடி, உயிரினங்களைக் கட்டாயப்படுத்திப் பணிய வைக்கிறது. நாயகன் கையிலும் வில்லன் கையிலும் கிட்டத்தட்ட ஒரே கருவிதான். நம்பிக்கை வர்ற வரைக்கும் காத்திருக்கிறார் ஒருவர், அடக்கி ஆள்கிறார் இன்னொருவர். வேறுபாடு அவ்வளவுதான்.

குளம் தொலைந்த சிறுவன்

போக்கிமான் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் இந்தக் கேம் இன்னும் தெளிவாகப் புரியும். அதை உருவாக்கிய சதோஷி தாஜிரி, டோக்கியோவின் மேற்குப் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். சின்ன வயதில் குளம், வயல், புதர் என்று அலைந்து பூச்சி பிடிப்பதுதான் பொழுதுபோக்கு. நண்பர்கள் வைத்த பட்டப்பெயரே ‘டாக்டர் பூச்சி’. நகரம் விரிய விரிய, அந்தக் குளங்களும் வயல்களும் கட்டடங்களுக்கு அடியில் போயின. இனி வரும் பிள்ளைகளுக்கு அந்த அனுபவத்தை வேறு வழியில் கொடுக்கணும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 1996 பிப்ரவரியில் கேம் பாய் கருவிக்கு வெளியான முதல் போக்கிமான் கேம்.

அதாவது, உலகமே கொண்டாடும் ஒரு விளையாட்டின் வேரில் இருப்பது காணாமல்போன ஒரு குளம். மச்சிதாவில் குளம் போனது, கேம் வந்தது. திருப்பூரில் குளம் இன்னும் இருக்கிறது. இந்த வித்தியாசத்தின் மதிப்பு இங்கே உணரப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

109 பிள்ளைகள், 20 அட்டைகள்

2002-ல் ‘சயன்ஸ்’ இதழில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் 4 முதல் 11 வயது வரையுள்ள 109 பள்ளிப் பிள்ளைகளிடம் படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நாட்டின் உண்மையான உயிரினங்கள் 10, போக்கிமான்கள் 10.

4 வயதுப் பிள்ளைகள் உண்மை உயிரினங்களில் 32 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள். போக்கிமானில் வெறும் 7 சதவீதம். 8 வயதில் கதை தலைகீழ். உண்மை உயிரினம் 53 சதவீதம், போக்கிமான் 78 சதவீதம்.

இதை வைத்து ‘பார்த்தீங்களா, கேம் பிள்ளைகளைக் கெடுக்குது’ என்று சொல்வது சுலபம். ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த இடம் வேறு. உயிரினங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளும் திறமை பிள்ளைகளிடம் ஏராளமாக இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்வதில் இயற்கைப் பாதுகாப்பு ஆட்களைவிட கேம் தயாரிப்பாளர்கள் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள் என்பதே அவர்கள் சொன்னது. குறை பிள்ளைகளிடம் இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களிடம்தான்.

கேம் அப்படி என்னதான் செய்கிறது? ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு பெயர், ஒரு முகம், ஒரு குணம், அதைத் தேடிப் போக ஒரு காரணம், பார்த்ததும் பதிந்துவைக்க ஓர் இடம். இந்த ஐந்தும் கிடைத்தால் எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும், அது பிக்காச்சுவோ மீன்கொத்தியோ.

சரி, திருப்பூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்கு கம்பெனிக்குள் போகும் அப்பாவும் அம்மாவும் திரும்ப இரவாகிவிடும். ஆர்டர் நெருக்கடி என்றால் அதற்கும் மேலே. கட்டிங், பவர்டேபிள், செக்கிங் என்று பிரிவு எதுவானாலும் நேரம் கம்பெனியுடையது. லைன் வீட்டில் ஒற்றை அறை. பள்ளி விட்டு வரும் பிள்ளையைத் தெருவில் விடவும் பயம். கையில் செல்போனைக் கொடுத்தால் பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்பதுதான் பல வீடுகளின் கணக்கு.

இந்தப் பெற்றோரிடம் போய் ‘போன் கொடுக்காதீங்க’ என்று புத்தி சொல்வதில் அர்த்தமில்லை. அது அவர்கள் சோம்பலில் எடுத்த முடிவு கிடையாது, வேறு வழியில்லாமல் எடுத்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடியிருக்கும் குடும்பங்களுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் பக்கத்தில் இல்லை.

ஆக, பிள்ளை போனில் ஏதோ ஓர் உயிரினத்தோடு நட்பாகத்தான் போகிறது. அந்த ஆர்வத்தை வெளியே இருக்கும் உயிரினம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போக ஊரில் யாராவது ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்றுதான் கேட்க வேண்டும்.

8 கிலோமீட்டரில் ஒரு குளம்

திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி சாலையில் சுமார் 8 கிலோமீட்டர் போனால், சர்க்கார் பெரியபாளையம் பக்கத்தில் நஞ்சராயன் குளம். பல நூற்றாண்டுகளுக்கு முன்பு இதைச் சீரமைத்ததாகச் சொல்லப்படும் நஞ்சராயன் என்ற அரசரின் பெயரே குளத்தின் பெயராக நிலைத்தது. பரப்பு சுமார் 126 ஹெக்டேர், அதாவது 310 ஏக்கருக்கும் மேல். நல்லாற்றில் வரும் மழைநீர்தான் இதற்கு ஆதாரம்.

2022-ல் இது தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், விழுப்புரம் மாவட்டத்தின் கழுவெளியோடு சேர்த்து இதுவும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதாக ஒன்றிய அரசு அறிவித்தது. ராம்சார் என்பது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான சர்வதேசப் பட்டியல். 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் போடப்பட்ட ஒப்பந்தத்தால் அந்தப் பெயர்.

அந்த அறிவிப்பின்போது அரசு சொன்ன கணக்கு இது: பறவைகள் சுமார் 191 வகை, பட்டாம்பூச்சிகள் 87, ஊர்வன 21, சிறு பாலூட்டிகள் 11, தவளை போன்ற நீர்நில வாழ்வன 7, தாவரங்கள் 77. ஒப்பிட்டுப் பாருங்கள். 1996-ல் வந்த முதல் போக்கிமான் கேமில் மொத்தம் இருந்தவை 151. திருப்பூர் ஓரத்தில் இருக்கும் ஒரே குளத்தில் பறவை மட்டுமே அதைவிட அதிகம்!

குணத்துக்கும் குறைச்சல் இல்லை. வரித்தலை வாத்து என்று ஒன்று குளிர்காலத்தில் இங்கே வரும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டிப் பறந்து தெற்கே வரும் பறவை இது. ஆக்சிஜன் குறைந்த அந்த உயரத்திலும் மூச்சு வாங்காமல் சிறகடிக்கிற மாதிரி உடல் அமைப்பு. எந்த கேம் தயாரிப்பாளரும் பொறாமைப்படக்கூடிய ‘பவர்’ அது. அலகுக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடா, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நீந்தும் நாமக்கோழி, அசையாமல் உட்கார்ந்திருந்து அம்பு மாதிரி பாயும் மீன்கொத்தி என்று ஒவ்வொன்றும் ஒரு கதாபாத்திரம்.

கேம் சொல்லாத ஒன்று

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கேமில் ‘மிஷன்’ முடிந்தால் காடு பிழைத்துவிடும். வில்லன் தோற்றதும் இசை மாறும், எல்லோரும் சிரிப்பார்கள். நிஜத்தில் அப்படி ஒரு கடைசிக் காட்சியே கிடையாது.

இதைத் திருப்பூரைவிட நன்றாகத் தெரிந்த ஊர் இருக்க முடியாது. சாயக்கழிவால் நொய்யல் நிறம் மாறி ஓடிய காலம் இன்னும் பலருக்கு ஞாபகம் இருக்கும். பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, கழிவு தேங்கும் தொட்டியானது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலை போனவர்கள் ஊர் திரும்பினார்கள். பிறகு சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் மேம்பட்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மறுபடி இயங்கித்தான் தொழில் மீண்டது.

போக்கிமான் உலகத்தில் கிரைமர் என்று ஓர் உயிரினம் உண்டு. கழிவுச் சேற்றிலிருந்து பிறந்தது. நொய்யலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைக் கற்பனை பண்ணுவது கஷ்டமே இல்லை.

நொய்யல் கற்றுக்கொடுத்த பாடம் நஞ்சராயன் குளத்துக்கும் அப்படியே பொருந்தும். சரணாலயம் என்ற பலகை குளத்தின் எல்லையில்தான் நிற்கும். தண்ணீர் அந்த எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது. நல்லாற்றின் வழியில் எங்கே சாக்கடை கலந்தாலும், எங்கே குப்பை கொட்டினாலும், அது வந்து சேரும் இடம் இந்தக் குளம். அதனால் பாதுகாப்பு என்பது ஒருநாள் அறிவிப்பு இல்லை. மழைக்கு முன்னால் வாய்க்காலைப் பார்ப்பது, தண்ணீரைச் சோதிப்பது, வருஷா வருஷம் பறவைகளை எண்ணுவது. அலுப்பான வேலைதான். அதைச் செய்ய ஆள் வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த ஆட்கள், இன்று போனில் விளையாடும் பிள்ளைகளில் இருந்துதான் வர வேண்டும்.

‘ரேஞ்சர்’ என்ற சொல்லும் இந்த மாவட்டத்துக்குப் புதுசு இல்லை. உடுமலை, அமராவதி பக்கம் வனச்சரக அலுவலரை மக்கள் ‘ரேஞ்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதே அமராவதி அணை அருகே 1970-களில் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையின் நோக்கமும் கேமின் விதியும் ஒன்றுதான். முட்டைகளைச் சேகரித்து, பொரிக்க வைத்து, வளர்த்து, திரும்ப நீர்நிலைகளில் விடுவது. கொஞ்ச காலம் கையில் வைத்திருப்பது விட்டுவிடுவதற்காகத்தான்.

கூண்டுக்கிளி நட்பு இல்லை

‘நட்பு’ என்ற சொல்லை இன்னொரு பக்கமும் சோதிக்க வேண்டும். பல வீடுகளின் வாசலில் தொங்கும் கூண்டுக்குள் பச்சைக்கிளி. பாசமாகத்தான் வளர்க்கிறார்கள், பழம் கொடுக்கிறார்கள், பேச்சுச் சொல்லித்தருகிறார்கள். ஆனால், நம்ம நாட்டுக் காட்டுக் கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். ‘வீட்டுக்கு அதிர்ஷ்டம்’ என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கினாலும் சட்டம் சட்டம்தான்.

கிளிக்குஞ்சு சந்தைக்கு வருவது மரப்பொந்திலிருந்து. அதைப் பிடித்தவர், கடத்தியவர், விற்றவர் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, ஆசையாகக் கூண்டு வாங்கும் வீடு. பந்துக்குள் அடைத்துச் சொந்தமாக்கும் கேமை விளையாடும் பிள்ளைக்கு இதில் தப்பு தெரியாமல் போகலாம். ரேஞ்சர் விளையாடும் பிள்ளை ஒரு கேள்வியாவது கேட்கும்: “வேலை முடிஞ்சதுல்ல, ஏன் இன்னும் விடலை?”

என்ன செய்யலாம்?

*ஞாயிற்றுக்கிழமை வேன்:* சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி வேன்கள் பல அன்றைக்குச் சும்மா நிற்கின்றன. வெளிநாட்டு பையர்களிடம் பசுமைச் சான்றிதழ் காட்டும் நிறுவனங்கள், நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒரு ஞாயிறு, தொழிலாளர் பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப்போகலாம். டீசலும் டிபனும்தான் செலவு.

*இருபது அட்டை:* குளத்தில் அடிக்கடி தென்படும் 20 பறவைகளின் படமும் பெயரும் கொண்ட அட்டைகளைப் பள்ளிகள் அச்சிட்டுக் கொடுக்கலாம். தமிழோடு ஹிந்தியிலும் ஒடியாவிலும் பெயர் இருந்தால், புலம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கும் அது சொந்தக் குளமாகும். பெயர் தெரியாத ஒன்றின் மீது யாருக்கும் அக்கறை வராது.

*போனே ஸ்டைலர்:* ‘சீக்’ என்ற இலவசச் செயலியில் செடியையோ பூச்சியையோ காட்டினால் என்னவென்று கண்டுபிடிக்க உதவும். புதுசு புதுசாகக் கண்டுபிடித்தால் கேம் மாதிரியே பேட்ஜும் தரும். கணக்கு தொடங்கவே வேண்டாம் என்பதால் பிள்ளைகளுக்கு ஏற்றது. பறவைகளுக்கு ‘மெர்லின்’ உண்டு. பார்த்ததைப் பெரியவர்கள் துணையோடு ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிந்தால், அது உண்மையான ஆய்வுக்கே தரவாகிறது. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பிலும் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்.

*ரேஞ்சர் ஒழுங்கு:* கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. போட்டோவுக்காகக் கல் எறிந்து பறக்கவிடக் கூடாது. போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு ஏமாற்றிக் கூப்பிடக் கூடாது. கூடு இருக்கும் இடத்தை இன்ஸ்டாவில் போடக் கூடாது. பறவை தலையைத் தூக்கி முறைத்தால், நாம் ஏற்கெனவே ரொம்பக் கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம்.

*அரசு செய்ய வேண்டியது:* குளத்துத் தண்ணீரின் தரம் என்ன என்பதை மாதாமாதம் குளக்கரையிலேயே, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் தமிழில் எழுதிப் போட வேண்டும். கேமில் ஸ்டைலரின் சக்தி எவ்வளவு மிச்சம் என்று திரையில் எப்போதும் தெரியும். நல்லாற்றின் நிலைமையும் அதே மாதிரி எல்லோர் கண்ணிலும் பட வேண்டும்.

இதில் எதுவும் பெரிய பட்ஜெட் கேட்கும் வேலை இல்லை. கேம் எப்போதோ கண்டுபிடித்துவிட்ட உத்தியைக் குளத்துக்குக் கொண்டுவருவது மட்டும்தான். பெயர் சொல்லிக்கொடுங்கள், தேடிப் போக விடுங்கள், பதிந்துவைக்கச் சொல்லுங்கள், கையில் பிடிக்காமல் திரும்பச் சொல்லுங்கள்.

மார்ச் வாக்கில் வரித்தலை வாத்துகள் மறுபடி வடக்கே கிளம்பிவிடும். அவை யாருக்கும் சொந்தமில்லை. அடுத்த குளிருக்குத் திரும்பி வருகிற மாதிரி குளத்தை வைத்திருப்பது மட்டும் திருப்பூரின் பொறுப்பு.